போன கரண்ட் திரும்பி வரணும்: ஒரு வாத்தியாரின் தாமதமான திருத்தம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஐப்பசி மழையில் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அவன் மனைவி கிரைண்டரில் மாவு வழிக்கும்போது ஷாக் அடித்துத் தூக்கி எறிந்திருக்கிறது. கடவுள் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டாள். பழைய வயர் எலி கடித்துப் போனதால், கடையில் ரெட்டை வயர் வாங்கி அவனே மாட்டியிருக்கிறான். மூன்று பின் பிளக்கில் இரண்டு பின்னுக்குத்தான் வயர். "ரெண்டு வயர்லயே நல்லா ஓடுச்சே சார். மூணாவது எதுக்குன்னு நீங்க சொன்னதா ஞாபகம் இல்லையே" என்றான்.

குற்றம் சாட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அவன் சொன்னது உண்மை. ஓம் விதியை அவன் வகுப்பு முழுவதையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி செய்தவன் நான். பச்சை வயரைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பரீட்சையில் கேட்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு தவறும் செய்தேன். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று ஏரி, மதகு, வாய்க்கால் உதாரணத்தையே வருடா வருடம் சொன்னேன். ஏரியின் உயரம் மின்னழுத்தம், மதகின் அடைப்பு மின்தடை, வாய்க்காலில் ஓடும் தண்ணீர் மின்னோட்டம். கேட்க அழகாக இருக்கும். ஆனால் வாய்க்கால் தண்ணீர் கழனிக்குப் போய்ப் பயிருக்குச் செலவாகிவிடும். ஏரிக்குத் திரும்பி வராது. மின்சாரம் அப்படி இல்லை. பல்புக்குள் எவ்வளவு மின்னோட்டம் போகிறதோ, அதே அளவு வெளியே வந்து கிளம்பிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். செலவாவது ஆற்றல்தான், மின்னோட்டம் இல்லை. சைக்கிள் செயின்தான் சரியான உதாரணம். பெடலை மிதித்தால் செயின் சுற்றிச் சுற்றி வருகிறது, ஒரு கண்ணிகூடக் குறைவதில்லை. சக்கரம் மட்டும் ஓடுகிறது. செயின் ஓரிடத்தில் அறுந்தால் எல்லாமே நின்றுவிடும். "மின்சுற்று" என்ற பெயரிலேயே பாடம் இருக்கிறது. நாம்தான் அந்தச் சொல்லைக் கவனிக்காமல் தாண்டிப் போனோம்.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் கட்டும் சீரியல் செட் ஞாபகம் இருக்கிறதா? பழைய குண்டு பல்பு வரிசையில் ஒன்று போனால் மொத்த வரிசையும் அணைந்துவிடும். அதுதான் தொடரிணைப்பு. வீட்டில் ஒரு ரூம் லைட் ஃபியூஸ் போனாலும் மற்ற ரூமில் ஃபேன் ஓடுகிறதே, அது பக்க இணைப்பு.

இப்போது கிரைண்டருக்கு வருவோம். உள்ளே ஒரு வயர் தோல் உரிந்து இரும்பு உடம்பில் பட்டுவிட்டது. உடம்பு முழுவதும் 230 வோல்ட். ஆனாலும் கிரைண்டர் எப்போதும் போல ஓடும். எர்த் வயர் இருந்திருந்தால், அந்த வழியாக ஒரே நொடியில் அதிக மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் போயிருக்கும். அது இல்லாததால் மின்சாரம் வேறு வழிக்காகக் காத்திருந்தது. டிரான்ஸ்ஃபார்மரிலேயே நியூட்ரலைப் பூமியோடு இணைத்திருக்கிறார்கள். ஆகவே தரையும் ஒரு திரும்பும் பாதைதான். ஈரக் கையோடு, வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று தொட்டவுடன், அந்தப் பெண்ணே சுற்றின் ஒரு பகுதி ஆகிவிட்டாள்.

நாம் மனப்பாடம் செய்த ஓம் விதியை இங்கே போட்டுப் பாருங்கள். நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லியாம்பியர். இதயத்தை நிறுத்த இது தாராளம். ஆனால் 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு இது தூசு, அசையக்கூட அசையாது. ஃபியூஸும் எம்.சி.பி.யும் வயரைத்தான் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. போன மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு மாட்டுவதில் 30 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்தாலே கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டிக்கும். போனது திரும்பி வர வேண்டும் என்ற ஒரே வரிதான் அதன் தத்துவம்.

இந்த விதியை 1827-ல் வெளியிட்ட ஜார்ஜ் ஓம், ஜெர்மனியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், பூட்டு செய்பவரின் மகன். பல தடிமனில், பல நீளத்தில் கம்பிகளை வைத்து அளந்து பார்த்துக் கண்டுபிடித்தார். அவர் கையால் செய்ததை நாம் வாயால் மட்டும் சொல்லிக் கொடுக்கிறோம்.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் எர்த் வயர் வரைக்கும் எல்லாம் இருக்கிறது. புத்தகத்தில் குறையில்லை, சொல்லிக் கொடுக்கும் விதத்தில்தான் குறை. "கரண்ட் விஷயத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் கை வைத்துவிடுவார்கள்" என்று பெற்றோர் பயப்படுவது நியாயம்தான். வீட்டு மின்சாரத்தில் பிள்ளைகள் கை வைக்கவே கூடாது. ஆனால் டார்ச் செல், சின்ன பல்பு, ஒரு துண்டு வயர் போதும். மூன்றையும் கையில் கொடுத்து "எரிய வை" என்று சொல்லிவிட்டு, வாத்தியார் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் முதலில் ஒரு பக்கம் மட்டும்தான் இணைப்பார்கள். எரியாது. யோசிப்பார்கள். அந்த ஐந்து நிமிடம் என் முப்பது வருடப் பாடத்தைவிடப் பெரியது. இதற்கு நேரமில்லை என்று சொல்லும் இளம் ஆசிரியர்களுக்கு என் பதில்: நானும் அப்படித்தான் சொன்னேன்.

இன்றே செய்ய வேண்டியவை. கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் பிளக்குகளில் எர்த் வயர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். எர்த் பின் நீளமாக இருப்பதே அது முதலில் சேர்ந்து கடைசியில் பிரிவதற்குத்தான். அதை வெட்டாதீர்கள். ஃபியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றாதீர்கள். துணி காயப்போட இரும்புக் கம்பி வேண்டாம், நைலான் கயிறு கட்டுங்கள். வசதி இருந்தால் ஆர்.சி.சி.பி. மாட்டுங்கள், இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

அந்த மாணவன் வீட்டில் இப்போது மூன்று வயர். போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். "சரியா சார்?" என்று கேட்டிருந்தான். சரி என்று போட்டேன். அந்தப் பாடத்தில் எனக்கு நானே போட்டுக்கொள்ள முடியாத மதிப்பெண் அது.

உங்கள் வீட்டு பிளக்கைப் பார்த்துவிட்டு, கீழே ஒரு வரி எழுதுங்கள். வருகைப் பதிவேடு திறந்தே இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், ஏனாத்தூர்