தெளிப்பானுக்குச் செய்யவேண்டிய கடமை

சின்னக்கானல், பூப்பாறை, சாந்தன்பாறை மலைச் சரிவுகளில் ஏலக்காய்ச் சாகுபடியை நம்பி வாழும் குடும்பங்களுக்கு, தை பிறந்ததிலிருந்து தென்மேற்குப் பருவமழை இறங்கும் வரையிலுள்ள வறண்ட மாதங்களில், படுதா விரித்த குளத்தில் சேமித்த ஜலமும் அதைச் செடிகளின் மீது பொழியும் தெளிப்பானுமே ஜீவாதாரமாகும். 1933ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பழத்தோட்டக்காரரான ஆர்ட்டன் எங்கில்ஹார்ட் என்பவர் ஆக்கிய அந்தத் தட்டுத் தெளிப்பானின் சூட்சுமம் எளியது: பீறிடும் நீர் ஒரு சிறு கையைத் தள்ள, சுருள்வில் அதை மீட்டிழுக்க, அந்தத் தட்டலிலேயே தலை சிறிது சிறிதாகத் திரும்பி வட்டமாக நனைக்கிறது. இத்தகைய யந்திரத்தை மழைக்காலம் முழுதும் சேற்றில் கிடக்கவிட்டு, செடி வாடிய பிறகு பழுது பார்க்க ஓடுவது விவேகமாகாது. மோட்டாரை ஓட்டுமுன் சல்லடையைக் கழுவி, குழாய்களின் கடைசி மூடிகளைத் திறந்து கலங்கல் நீரை வெளியேற்ற வேண்டும். அடைத்த முனையைக் கம்பியால் குத்தினால் துவாரம் அகன்று நீர் பரவும் விதமே கெடுமாதலால், மெல்லிய ஈர்க்கால் நீக்குவதே உத்தமம். தேய்ந்த வாஷரையும் தளர்ந்த சுருள்வில்லையும் மாற்ற ஆகும் செலவு சொற்பம். ஒழுகும் இணைப்பால் வீணாகும் ஜலமோ கோடையில் எவ்விலை கொடுத்தும் மீளாதது. ஆகையால், தோட்டக்காரர்களே, மார்கழி முடிவதற்குள் ஒவ்வொரு தெளிப்பானையும் கழற்றிச் சோதித்து விடுங்கள்.