கல்லும் வாயும்

ஊத்தங்கரையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் நம் நடுகல் கவிதைகள் ஞாபகம் வந்து எரிச்சல் மூட்டுகின்றன. இந்தப் பக்கம் நடுகற்களுக்குப் பஞ்சமில்லை. ‘செங்கம் நடுகற்கள்’ 1972இலேயே புத்தகமாக வந்துவிட்டது. வில் பிடித்த அந்த வீரன் நம்மவர்களுக்கு ஒரு படிமம், அவ்வளவுதான். கல்லைப் படித்தவர் எத்தனை பேர்? எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, தொறு (மாட்டு மந்தைதான்) கவர்ந்தது யார், மீட்டுப் பட்டது யார் என்று அது வாக்குமூலம் மாதிரி பேசுகிறது.

அடுத்த தாலுகா அரூர். அங்கே வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாக வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். ஊரை ஆலமரத்தடியில் கூட்டினார்கள். 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய்ப் பலாத்காரம் செய்தார்கள். இம்முறை கொள்ளைக்கு வந்தவன் அரசனின் ஆளே. பிறகு கல் நாட்டுவது யார்? அந்தப் பெண்கள் வாயால் நாட்டினார்கள், பத்தொன்பது வருஷம், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போனார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 1968இல் கீழ்வெண்மணியில் எரிந்த 44 பேருக்குச் சின்னம் இருக்கிறது, நிலச்சுவான்தார்களோ விடுதலையாகிவிட்டார்கள்.

சமாதானத்துக்காக மறக்கலாமே என்றார் ஒரு கவிஞ நண்பர். யாருடைய சமாதானம்?

வாச்சாத்தியில் கல் வைப்பதில் எனக்கு ஆட்சேபணையில்லை. அந்தப் பெண்களின் பெயர்கள் அதில் வேண்டாம். 215 பெயர்களையும் உத்தியோகத்தோடு வெட்டட்டும். இடம் போதாதென்றால் இரண்டு கல்லாக வைக்கட்டும்.