மகன் சம்பளம் தாயின் வருமானமா?

"மகன்தான் மில்லுக்குப் போறான்ல பாட்டி, உனக்கு எதுக்கு ஓஏபி?"

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போட்டவர்களின் காதில் அடிக்கடி விழுகிற கேள்வி இது. கேட்பவர் விசாரணைக்கு வந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ரேஷன் கடை வரிசையில் பக்கத்தில் நிற்பவரும் கேட்பார், சொந்த மருமகளும் கேட்பாள். வீட்டில் ஒருவன் சம்பாதித்தால் அந்த வீட்டுக் கிழவிக்கும் வருமானம் வந்துவிட்டது என்று ஊரே நம்புகிறது. இந்த நம்பிக்கை தவறு. பாசத்தின் பேரைச் சொல்லி முதியவர்களின் கையை வெறுங்கையாக்குகிற தவறு.

விருதுநகரில் பிறந்த காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில், 1962 ஏப்ரலில், முதியோர் உதவித்தொகை இங்கே தொடங்கியது. இன்றும் அது வறியவர், ஆதரவற்றவர் என்ற நிபந்தனையோடுதான் வருகிறது. மத்திய அரசின் பங்கு 60 வயதுக்கு மேல் 200 ரூபாய், 80 தாண்டினால் 500. அந்த 200 ரூபாய் 2006-லிருந்து நகரவே இல்லை. மாநில அரசும் சேர்த்துக் கொடுக்கும் மொத்தத் தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அந்த உயர்வு வந்தபோது வருவாய்த் துறையை வைத்திருந்தவர் அருப்புக்கோட்டையில் வென்ற கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், நிதித் துறையை வைத்திருந்தவர் திருச்சுழியில் வென்ற தங்கம் தென்னரசு. தொகை கூடியது. மகனைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்த மகனின் சம்பளம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு பார்க்கிறவனுக்கோ, திருப்பூரில் தையல் மெஷினில் உட்கார்ந்தவனுக்கோ மாதம் 15,000 ரூபாய் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். வாரத் தவணை கேட்டு குழுக் கடன்காரர் வாசலில் நிற்பார். பிள்ளைக்கு வேன் கட்டணம், சிலிண்டர், கோடையில் குடத்துக்கு இவ்வளவு என்று விலைக்கு வாங்கும் தண்ணீர், மானாவாரிப் பருத்தி காய்ந்துபோன வருஷத்து உரக்கடைப் பாக்கி. இதில் தாய்க்குச் சோறு உண்டு. எந்த மகனும் அதை மறுக்கவில்லை. ஆனால் மூட்டுவலித் தைலம், வெற்றிலை, கண்ணாடிக்குப் புதுச் சில்லு, பேத்தி சடங்குக்கு மொய் எல்லாம் மகனிடம் கேட்டுத்தான் நடக்க வேண்டும். எழுபது வயதில், ஐம்பது ரூபாய்க்காக மருமகள் முகத்தைப் பார்த்து, இன்றைக்குக் கேட்கலாமா, நாளைக்குக் கேட்கலாமா என்று நாள் பார்ப்பதை வருமானம் என்று எந்தக் கணக்குப்பிள்ளை எழுதுவான்?

மகன் சம்பளத்தைத் தாயின் கணக்கில் எழுதும் இந்த வழக்கம் குடும்பத்தைக் காப்பாற்றுவதும் இல்லை. பென்ஷனுக்காகத் தாயைத் தனி அடுப்பு என்று காட்டி, ஒற்றை ஆள் ரேஷன் கார்டு வாங்குகிறார்கள். சில வீடுகளில் அது காகிதத்தோடு நிற்கிறது. சில வீடுகளில் கிழவி உண்மையாகவே திண்ணைப் பக்கத்துத் தகரக் கொட்டகைக்குப் போய்விடுகிறாள். பிரிட்டன் இந்தப் பாடத்தை எப்போதோ படித்தது. 1931-ல் அங்கே வேலையிழந்த தகப்பனின் உதவித்தொகையில் மகன், மகள் கூலியைக் கழித்தார்கள். பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியேறினார்கள், அல்லது வெளியேறியதாகக் கணக்குக் காட்டினார்கள். பத்தாண்டு கெட்ட பெயர் வாங்கிய பிறகு 1941-ல் சட்டம் போட்டு அந்தச் சோதனையை ஒழித்தார்கள்.

பெற்றோரைப் பார்க்க வேண்டியது பிள்ளைகள்தானே, அதற்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கோட்டாட்சியர் முன்னால் மனுக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கலாம். பெற்ற மகனைக் கூண்டில் நிறுத்திவிட்டு அன்று இரவு அந்தத் தாய் எந்த வீட்டில் போய்ப் படுப்பாள்? மனுப் போடாத தாய்மார்களின் மௌனத்தை ஆதரவு என்று எடுத்துக்கொள்வது கொடுமை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தலைக்கூத்தல் என்ற பேரில் முதியவர்களை முடித்துவைக்கும் வழக்கம் பற்றி 2010-ல் செய்திகள் வந்தது இதே விருதுநகர் மாவட்டத்திலிருந்துதான். முதியவர் சுமை என்ற எண்ணம் எவ்வளவு தூரம் போகும் என்பதை நம் மண் அறியும். மாதம் 1,200 ரூபாய் அதை முழுக்க மாற்றிவிடாது. ஆனாலும் பேரனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்க முடிகிற பாட்டிக்கு வீட்டில் கிடைக்கும் இடமே வேறு.

வசதியானவர்களுக்கெல்லாம் கொடுக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. அதற்கு முதியவரின் பேரில் உள்ள நிலத்தைப் பாருங்கள், வங்கிக் கணக்கைப் பாருங்கள், அரசு ஓய்வூதியம் வருகிறதா என்று கேளுங்கள். நேபாளம் 1995-லிருந்து முதியோருக்குப் பணம் கொடுக்கிறது. பிள்ளை சம்பாதிக்கிறானா என்று கேட்டுக் கொடுப்பதில்லை. நம்மைவிட ஏழை நாடு அது. முதியோர் உதவித்தொகை விசாரணையில் பிள்ளைகளின் சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று தமிழக அரசு ஓர் ஆணை போட வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் முதல் தனி வட்டாட்சியர் வரை எல்லோரையும் அது கட்டுப்படுத்த வேண்டும்.