கீழாநெல்லி குடித்தால் ஹெபடைடிஸ் பி 'நெகட்டிவ்' ஆகுமா? சென்னை ஆய்வு சொன்னதும், அதற்குப் பிறகு நடந்ததும்

மழை விட்ட சில நாட்களில் மேலூர், வாடிப்பட்டி பக்கம் வயல் வரப்பெல்லாம் கீழாநெல்லி தலைகாட்டிவிடும். மதுரைக்காரர்களுக்கு இதை அறிமுகம் செய்யத் தேவையில்லை. காமாலை என்றாலே வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கிக் குடிப்பது பழகிய வைத்தியம்.

சிக்கல் வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது. வளைகுடா வேலைக்கான மெடிக்கலிலோ ரத்த தானத்திலோ ஒரு இளைஞருக்கு 'எச்.பி.எஸ்.ஏஜி. பாசிட்டிவ்' என்று வருகிறது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. விசா மட்டும் நின்றுபோகிறது. "பயப்படாத மாப்ள, ஒரு மண்டலம் கீழாநெல்லி குடி, நெகட்டிவ் ஆயிரும்" என்கிறார் சொந்தக்காரர். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு: 'லான்செட் இதழே ஒப்புக்கொண்ட தமிழர் மருந்து!'

அந்த ஃபார்வர்டு முழுப் பொய் இல்லை. பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூச் பிளம்பெர்க்குடன் சேர்ந்து, 1988-ல் லான்செட்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வைரஸைச் சுமப்பவர்களில் ஒரு பிரிவுக்கு 30 நாள் கீழாநெல்லித் தூள். இன்னொரு பிரிவுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு அந்த ஆன்டிஜென் ரத்தத்தில் இல்லாமல் போனது. போலி மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே.

59 சதவீதம்! நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் வருடத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் பேருக்குத்தான் இது தானாக மறையும். உலகமே திரும்பிப் பார்த்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஆய்வாளர்களே அதை 'முதற்கட்ட ஆய்வு' என்றுதான் சொன்னார்கள். ஆட்கள் குறைவு, பின்தொடர்ந்த காலமும் அதிகபட்சம் 9 மாதம். 1990-ல் அதே லான்செட்டில் வந்த தாய்லாந்து ஆய்வில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் வகையும் மண்ணும் மாறினால் சத்தும் மாறும் என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம்தான். ஆனால் அதை அப்படியே ஏற்றாலும், உங்கள் வீட்டுக் கொல்லையில் முளைத்தது எந்தச் செடி என்ற கேள்விக்கு யார் பதில் சொல்வது? 2011-ல் காக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. போலி மாத்திரையை விட இது பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது. ஆய்வுகளில் பெரும்பாலானவை தரத்தில் பலவீனமானவை என்றும் சொன்னது.

இதில் தமிழர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாட்டு மருந்தைப் போலி மாத்திரையோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தார்களே, அதுதான் பெருமை. 1988-ஐ மட்டும் ஷேர் செய்துவிட்டு 1990-ஐ மறைப்பது அந்த ஆய்வாளர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

சரி, "எங்க அப்பாவுக்குக் கேட்டுச்சே" என்கிறார்களே? கேட்டிருக்கும். தண்ணீர், உணவு வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஹெபடைடிஸ் பி-யும் பெரும்பாலும் அப்படித்தான். அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். ஆறு மாதம் தாண்டியும் வைரஸ் தங்கிவிட்டால் கதை வேறு. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்று பெறும் குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேருக்கு இப்படித் தங்கிவிடுகிறது. பல வருடம் சத்தமே இல்லாமல் இருந்து, கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படலாம்.

மோர் குடிப்பதை விட அதற்காகத் தள்ளிப்போடும் பரிசோதனைதான் பெரிய நஷ்டம். பாசிட்டிவ் என வந்தால் வைரஸ் அளவு, கல்லீரல் என்சைம், ஸ்கேன் பார்த்துத்தான் மருந்து தேவையா என்று முடிவு செய்வார்கள். எல்லோருக்கும் தேவைப்படாது. தேவைப்படுபவர்களுக்கு டெனோஃபோவிர் போன்ற மாத்திரை வைரஸை அடக்கி வைக்கும். வேரோடு ஒழிப்பது அபூர்வம். நடுவில் தானாக நிறுத்தினால் வைரஸ் திரும்பக் கிளம்பி, கல்லீரல் திடீரென மோசமாகலாம்.

பிளம்பெர்க்கின் பிறந்த நாளான ஜூலை 28 அன்று, 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மதுரையில் இருப்பவர்கள் அரசு ராஜாஜி மருத்துவமனையின் குடல், கல்லீரல் பிரிவில் விசாரிக்கலாம். போகும்போது வீட்டில் இருப்பவர்களையும் கூட்டிப் போவது நல்லது. அவர்களுக்குத் தொற்று இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணி இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டியிருக்கும்.