பெரிய எஞ்சின் பூட்டும் தம்பிமாருக்கும், அவர்களைத் திட்டும் பெரியவர்களுக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. கார் பைத்தியம் இல்லாதவர்களும் வாசிக்கலாம். இதில் பாதி எங்கள் பிள்ளைகளைப் பற்றியது.

ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் வசந்த காலம், பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம், கூடவே கார் சத்தம். அந்த மாதம் முழுக்க எங்கள் டைம்லைனில் இரண்டு வகைப் பதிவுகள்தான். ஒன்று பழைய மாணவர்கள் போடுவது: பொனட் திறந்து வைத்த லான்சர் எவொலூஷன் அல்லது சுபாரு இம்ப்ரேஸா, கீழே "எஞ்சின் மாத்தியாச்சு" என்று ஒரு வரி. மற்றது எங்களைப் போன்ற ஆசிரியர்களும் பெற்றோரும் போடுவது: "படிக்கிற வயசில படிக்காம காரோட திரியுதுகள்." இந்த இரண்டாவது வகையோடு எங்களுக்கு உடன்பாடில்லை. முதல் வகையிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன.

முதலில், அந்தப் பிள்ளைகள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்ப்போம். திட்டுகிறவர்களில் பலருக்கு அது தெரியாது.

எவொலூஷன் ஒன்றிலிருந்து ஒன்பது வரைக்கும் உள்ளே இருப்பது 4ஜி63 எஞ்சின். சிலிண்டர் விட்டம் 85 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88 மில்லிமீற்றர், நான்கு சிலிண்டர். கணக்குப் போட்டால் 1,997 சீ.சீ. அதே குடும்பத்தில் 4ஜி64 என்று இன்னொரு எஞ்சின் உண்டு. அது மிட்சுபிஷி வான்களுக்கும் பிக்கப்களுக்கும் வந்த சாதுவான எஞ்சின். விட்டம் 86.5, தூரம் 100. மொத்தம் 2,351 சீ.சீ. பிள்ளைகள் செய்வது இந்தச் சாதுவின் ப்ளொக்கை எடுத்து, எவொலூஷனின் ஹெட்டை அதன் மேல் பூட்டி, டர்போவையும் சேர்ப்பது. சொல்ல ஒரு வரி, செய்யப் பல மாதம். 4ஜி64 ப்ளொக் 6 மில்லிமீற்றர் உயரம் கூடியது. அதனால் ஹெட் மேலே போகும், டைமிங் பெல்ட்டின் நீளம் மாறும், டர்போவுக்குப் போகிற குழாய்கள் எல்லாம் பழைய இடத்தில் பொருந்தாமல் நிற்கும். பிஸ்டனும் கனெக்டிங் ரொட்டும் பழையது தாங்காது. இன்னும் சிலர் பழைய ப்ளொக்கையே வைத்துக்கொண்டு 100 மில்லிமீற்றர் க்ராங்கை மட்டும் உள்ளே போடுகிறார்கள். அது 2.3 லீற்றர் அளவுக்கு வரும்.

ஏன் இந்தப் பாடு? டர்போவைச் சுற்றுவது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது புகை குறைவு, டர்போ தூங்கும். எங்கள் மலைப்பாதையில் ஊசிமுனை வளைவுக்கு வேகத்தைக் குறைத்துத் திரும்பி, மறுபடி எக்ஸலேட்டரை மிதித்தால் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று உதைக்கும். எஞ்சின் பெரிதானால் புகை கூடும், டர்போ முன்கூட்டியே விழிக்கும், வளைவிலிருந்து வெளியே வரும்போதே இழுக்கும். அதற்கு விலையும் உண்டு. நிமிடத்துக்கு 7,000 சுற்றில் 88 மில்லிமீற்றர் எஞ்சினின் பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு 20.5 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. 100 மில்லிமீற்றரில் அது 23.3 மீற்றர். ஆகவே பெரிய எஞ்சினைப் பழைய எஞ்சின் போல அதே உச்சத்துக்கு விரட்ட முடியாது. விரட்டினால் ரொட் ப்ளொக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து முகம் காட்டும்.

இன்னொன்று. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். இங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ 80 வீதம்தான். சாதாரண கார் ஒன்று கொழும்பில் காட்டுகிற வலுவில் ஐந்தில் ஒரு பங்கை மலையில் தொலைத்துவிடுகிறது. டர்போ உள்ள கார் காற்றைத் தானே அமுக்கிக்கொள்வதால் அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுசெய்கிறது, ஆனால் அதற்காக டர்போ கூடுதலாகச் சுற்ற வேண்டும், கூடுதலாகச் சூடேறும். ஜப்பானில் இந்தக் கார்களுக்கு 100 வரை ஒக்டேன் உள்ள பெற்றோல் கிடைக்கும். இங்கே சாதாரண பங்கில் 92, 95. அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் கம்ப்யூட்டரில் பூஸ்ட்டை ஏற்றினால் பிஸ்டன் உருகும்.

இவ்வளவையும் ஒரு பிள்ளை புரிந்து செய்கிறான் என்றால் அவனுக்கு வட்டப் பரப்பளவு, கனவளவு, அழுக்கம், வெப்பம், சுழற்சி எல்லாம் தெரியும் என்று அர்த்தம். பத்தாம் தரத்தில் நாங்கள் கரும்பலகையில் எழுதிக் காய்கிற அதே பாடம். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு 'எஸ்' எடுத்தவன் கராஜில் அதே விஞ்ஞானத்தைக் கையால் செய்கிறான். இவனை 'படிக்காதவன்' என்று எந்த வாயால் சொல்வது?

இந்த வேலை இங்கே பெருகியதற்கு நாட்டு நிலைமையும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருஷமும் இருந்த காரைத்தான் எல்லாரும் கழுவித் துடைத்து, பிரித்துப் பூட்டி ஓட்டினார்கள். பஞ்சிகாவத்தைக்கு பஸ் ஏறிப்போய்ப் பழைய எஞ்சின் பாகம் தேடி, சாக்கில் கட்டி ஹட்டனுக்குக் கொண்டுவந்த தம்பிமார் எத்தனை பேர். கராஜ் நானா 'இது சரிவராது' என்று சொன்னதைச் சரிவர வைத்தவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள்.

சரி, இனி தம்பிமாருக்கு.

நீங்கள் போடுகிற படங்களில் டர்போ தெரிகிறது, இன்டர்கூலர் தெரிகிறது, புகைக்குழாய் தெரிகிறது. ப்ரேக்கைக் காட்டுகிற படம் எங்கே? இந்த ஊரில் கார் ஏறுவதை விட இறங்குவதுதான் சோதனை. 1,400 கிலோ கார் ஒன்று நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் 900 மீற்றர் இறங்கினால் அது கரைக்க வேண்டிய சக்தி ஏறக்குறைய 12 மெகாஜூல். 20 பாகை குளிர்ந்த தண்ணீர் 36 லீற்றரைக் கொதிக்க வைக்க அது போதும். கியரும் காற்றும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும், மீதி முழுக்க ப்ரேக் தட்டுகளில். இது வேகத்தைப் பற்றிப் பேசாமலே வந்த கணக்கு. வேகம் இரட்டித்தால் காரில் இருக்கிற இயக்கசக்தி நான்கு மடங்காகும். எஞ்சினை 2.4 லீற்றர் ஆக்கிவிட்டு, பழைய ப்ரேக் பேடும் தேய்ந்த டயருமாக ஏ7 பாதையில் இறங்குகிறவனை மெக்கானிக் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். வேலையின் ஒழுங்கு தலைகீழ். முதலில் ப்ரேக், பிறகு டயர், சஸ்பென்ஷன், பிறகு ஒயிலும் தண்ணீரும் சூட்டைத் தாங்குமா என்பது, கடைசியில்தான் எஞ்சின். காசு போதவில்லை என்றால் வெட்ட வேண்டியது பட்டியலின் வால், தலை அல்ல.

2023 ஜனவரி 20ஆம் திகதியை மறந்திருக்க மாட்டீர்கள். நானுஓயா றதல்ல குறுக்கு வீதியில் கொழும்பு மாணவர்களை ஏற்றிய பஸ் ஒரு வானிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி 7 பேர் மௌத்தானார்கள். அது ரேஸ் கார் அல்ல, போட்டியும் அல்ல. எதிரே வந்தவர்கள் தங்கள் பாட்டுக்கு வந்தவர்கள். அதே பாதையில் இரவு பதினொரு மணிக்கு வீடியோ எடுப்பதற்காக ஓட்டுகிறவர்கள், எதிரே வரக்கூடியது யார் வீட்டு வான் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

புத்தகத்தையும் சொல்ல வேண்டும். பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் எழுதியிருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதை மாற்றிப் பதிய வேண்டும். காப்புறுதிக் கம்பெனிக்கும் அறிவிக்க வேண்டும். 'அதெல்லாம் யார் பார்க்கிறது' என்பீர்கள். விபத்து நடந்த அன்று எல்லாரும் பார்ப்பார்கள். காப்புறுதி கைவிட்டால் அடிபட்டவரின் குடும்பத்துக்கு யார் கொடுப்பது? உங்கள் வாப்பாவா?

'ரோட்டில் வேண்டாம், போட்டியில் ஓடு' என்று சொல்வது எல்லாருக்கும் சுலபம். நாங்களும் அதைத்தான் சொல்கிறோம், ஆனால் அதோடு நிறுத்த முடியாது. மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. றதல்லையிலும் மலையேற்றம் உண்டு. இரண்டும் தேயிலைத் தோட்டத்துப் பாதைகள். அந்தப் பாதையை வெட்டியது யாருடைய பாட்டன்மார், ஓரத்துச் செடியில் கொழுந்து கிள்ளுவது யாருடைய தாய்மார் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று துரைமார் ஓட்டினார்கள். இன்று வெளியூரிலிருந்து ட்ரெய்லரில் கார் கொண்டுவருகிறார்கள். எங்கள் பிள்ளைகள் செடிகளுக்கு நடுவே நின்று பார்க்கிறார்கள். தொண்ணூறு வருஷமாக நிற்கிற இடம் மாறவில்லை. 2024 செப்டம்பரில் அறிவித்த தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்த வீட்டுப் பிள்ளை ஒரு ஹெல்மெட், நெருப்புத் தாங்கும் உடுப்பு, ரோல் கேஜ், நுழைவுக் கட்டணம் என்று எங்கே போவான்?

நிற்கிற இடமும் பாதுகாப்பானதல்ல. 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில் கார் பாதையை விட்டுப் பார்வையாளர்களுக்குள் புகுந்து 7 பேர் இறந்தார்கள். அதில் ஒன்று எட்டு வயதுப் பிள்ளை. அனுமதியோடு, ஏற்பாட்டாளர்களோடு நடந்த போட்டி அது. ஆகவே போட்டியை நடத்துகிறவர்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறோம். வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரு மனிதரும் நிற்கக் கூடாது, அது தோட்டத்து ஆளாக இருந்தாலும் சரி, மந்திரி வீட்டு ஆளாக இருந்தாலும் சரி. அடுத்தது, குறைந்த செலவில் உள்ளூர்ப் பிள்ளைகள் ஓடக்கூடிய ஒரு பிரிவு வேண்டும்.

இரண்டாவதைக் கனவு என்று சிரிப்பவர்களுக்குக் கோயம்புத்தூரைக் காட்டுகிறோம். அங்கே கரிவரதன் என்பவர் 1980களின் கடைசியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை ஆசன ரேஸ் கார்களை உள்ளூரிலேயே கட்டினார். 800 சீ.சீ. எங்கள் முச்சக்கரவண்டியைப் போல நாலு மடங்குதான். பின்னாளில் ஃபோர்முலா வன் வரைக்கும் போன நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது மாருதி எஞ்சின் பூட்டிய கார்களைத்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார், அவர் பெயரில் இன்று அங்கே பந்தயத் தடமே இருக்கிறது. பெரிய எஞ்சினுக்கு முன்னால் எல்லாருக்கும் ஒரே மாதிரியான சின்ன எஞ்சின் என்பதுதான் அவர் வழி. எல்லாரிடமும் ஒரே எஞ்சின் இருந்தால் ஜெயிப்பது காசு அல்ல, கை.

இதற்கிடையில் ஒரு சிரிப்பான செய்தி. 1989 முதல் 2004 வரை ஜப்பான் கம்பெனிகள் எந்தக் காருக்கும் 280 குதிரைவலுவுக்கு மேல் கணக்குக் காட்டுவதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. காகிதத்தில் 280, உள்ளே எவ்வளவு என்பது ஓட்டியவருக்குத் தெரியும். காகிதமும் எஞ்சினும் ஒத்துப்போகாத பழக்கத்தை எங்கள் தம்பிமார் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை!

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மகன் கராஜில் மூன்று நாலு வருஷமாக நிற்கிறான் என்றால் அவனுக்குச் சான்றிதழ் எடுத்துக் கொடுங்கள். நைட்டா மூலம் முன்கற்றலை மதிப்பிட்டு என்.வி.கியூ. தருகிற முறை இருக்கிறது. வகுப்பில் உட்காரத் தேவையில்லை, செய்த வேலையைக் காட்ட வேண்டும். சான்றிதழ் இல்லாமல் கட்டாருக்குப் போனால் அவன் உதவியாள், இருந்தால் மெக்கானிக். ஆகவே தம்பி, பிரிக்கிற ஒவ்வொரு எஞ்சினுக்கும் கொப்பியில் எழுதி வை: என்ன அளவு, என்ன இடைவெளி, எந்த போல்ட்டுக்கு எவ்வளவு முறுக்கு. ஃபேஸ்புக் படத்தை விட அந்தக் கொப்பி மதிப்பீட்டாளரிடம் கூடுதலாகப் பேசும். படிவம் நிரப்பத் தெரியாதென்றால் எங்களில் யாரிடமாவது வாருங்கள். பத்தனை கல்வியியற் கல்லூரியில் எங்களோடு படித்தவர்கள் ஹட்டன், பொகவந்தலாவை, தலவாக்கலை எங்கும் இருக்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு செய்தி. பழைய மாணவர் ஒருவர் கழற்றி வைத்த 4ஜி63 க்ராங்கையும், உடைந்த ஒரு 4ஜி64 க்ராங்கையும் பாடசாலைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த தவணை பத்தாம் தரத்துக்கு அவற்றை மேசையில் வைத்து வேர்னியரைக் கையில் கொடுக்கப்போகிறோம், இன்ஷா அல்லாஹ். இரண்டு க்ராங்குக்கும் மையத்திலிருந்து வித்தியாசம் 6 மில்லிமீற்றர் வரும். அதிலிருந்து 2,351 சீ.சீ.க்குப் பிள்ளைகளே போய்ச் சேர்வார்கள். வேறு பாடசாலைகளுக்கும் வேண்டுமென்றால் கொமண்டில் சொல்லுங்கள், முறை வைத்துக் கொடுப்போம். பாரம் அதிகம், தூக்க இரண்டு பேர் வர வேண்டும்.