தாய்க்குக் கட்டுப்பட்ட மகனா செஃபிரோத்?

1997 ஜனவரி 31 அன்று ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட 'ஃபைனல் ஃபேன்டசி 7' ஆட்டத்தின் வில்லன் செஃபிரோத். வெள்ளி நிற நீள்முடியும் ஆளுயரத்தை மிஞ்சும் மசமுனே வாளுமாக வரும் அவனைப் பற்றி ரசிகர்களிடையே ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது: செஃபிரோத் உண்மையான வில்லனே அல்ல, விண்ணிலிருந்து வந்த ஜெனோவா என்ற உயிரிதான் எல்லாவற்றையும் நடத்துகிறது, தான் தனக்காகவே போராடுவதாக நினைத்துக்கொண்டாலும் செஃபிரோத் கடைசிவரை அந்தத் 'தாய்க்கு' ஊழியம் செய்யும் மகன்தான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்ற கணக்கில், அம்பின் இடத்தில் செஃபிரோத்தை வைக்கிறது இந்தக் கருத்து. ஆட்டம் காட்டும் நிகழ்ச்சிகளை வரிசையாகப் பார்த்தால் எய்தவன் யார் என்பதில் சந்தேகம் எழ இடமில்லை.

ஜெனோவாவைப் பற்றி ஆட்டம் தரும் விவரங்கள் தெளிவானவை. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் அது விண்ணிலிருந்து கோளத்தில் விழுந்தது. செட்ரா எனப்படும் தொல்குடியினரிடம், இறந்துபோன அவர்களுடைய உறவினர்களின் உருவில் நெருங்கி, நோயைப் பரப்பி அந்த இனத்தையே அழித்தது. எஞ்சிய சிலர் அதைச் சிறைப்படுத்தினர். பிற்காலத்தில் பேராசிரியர் காஸ்ட் அதைப் பாறை அடுக்கிலிருந்து கண்டெடுத்து, செட்ரா இனத்தின் உடல் என்று தவறாக முடிவுகட்டினார். அந்த முடிவை நம்பி ஷின்ரா நிறுவனம் தொடங்கிய திட்டத்தில், கருவிலேயே ஜெனோவா செல்கள் செலுத்தப்பட்டுப் பிறந்தவன் செஃபிரோத்.

ரசிகர்களின் முதல் ஆதாரம் உருமாற்றம். ஆட்டத்தின் முதற்பாதியில் கதாநாயகன் கிளவுடும் நண்பர்களும் துரத்திச் செல்லும் 'செஃபிரோத்' உண்மையில் செஃபிரோத் அல்ல, அவனுடைய தோற்றத்தை எடுத்த ஜெனோவாவின் உடல். மிட்கார் நகரின் ஷின்ரா கட்டடத்தில் நிறுவனத் தலைவரைக் கொன்றது அது. தொல்நகரில் கிளவுடின் தோழி ஏரித்தை வாளால் குத்தியதும் அதுவே. இவ்வளவும் சரி. இதற்கு அடுத்த படியில்தான் சறுக்கல். நடமாடும் சதை யாருடையது என்பது ஒரு கேள்வி. அதை நடத்தும் சித்தம் யாருடையது என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதலாவதற்கான விடையை இரண்டாவதற்கும் விடையாக வைத்துவிடுகிறது ரசிகர்களின் கருத்து.

இரண்டாவது கேள்விக்கான விடையை ஆட்டமே ஷின்ராவின் விஞ்ஞானி ஹோஜோவின் வாயால் சொல்லவைக்கிறது. பிரிக்கப்பட்ட ஜெனோவா செல்கள் எங்கே இருந்தாலும் மீண்டும் ஓரிடத்தில் கூடும் என்பது அவருடைய ரீயூனியன் கோட்பாடு. இதைச் சோதிக்கத்தான், செஃபிரோத் கொளுத்திய நிபெல்ஹெய்ம் ஊரில் உயிர்தப்பியவர்களுக்கு ஜெனோவா செல்களைச் செலுத்தி, கறுப்பு அங்கி அணிந்த நடைபிணங்களாக்கினார். தலையில்லாத ஜெனோவா உடல் மிட்காரில் பாதுகாக்கப்பட்டிருந்ததால் எல்லோரும் அங்கே வந்து சேர்வார்கள் என்று எதிர்பார்த்தார். நடந்தது வேறு. அங்கிக்காரர்கள் வடக்கு நோக்கி நடந்தார்கள். மிட்காரில் இருந்த உடலே தொட்டியை உடைத்துக்கொண்டு அதே திசையில் கிளம்பியது. தன் கணிப்பு பிழைத்ததை ஒப்புக்கொண்டு ஹோஜோ கண்டறியும் காரணம் செஃபிரோத். கோளத்தின் உயிராற்றல் ஓடும் லைஃப்ஸ்ட்ரீமில் விழுந்தும் கரைந்துபோகாத அவனுடைய சித்தம் எல்லாச் செல்களையும் தன்னிடம் வரவழைக்கிறது. ஜெனோவாவின் இயல்பு கூடுவது மட்டும்தான். எங்கே கூட வேண்டும், வழியில் யாரைக் கொல்ல வேண்டும் என்பதெல்லாம் செஃபிரோத்தின் தீர்மானம்.

இதற்கு ஒரு கூர்மையான எதிர்க்கேள்வி உண்டு. நிபெல்ஹெய்மில் இருந்த ஷின்ரா உலையிலிருந்து லைஃப்ஸ்ட்ரீமில் செஃபிரோத் விழுந்தபோது ஜெனோவாவின் தலையும் அவனோடு விழுந்தது. அப்படியானால் வடக்கிலிருந்து அழைத்தது அந்தத் தலையாக இருக்கக் கூடாதா? இந்தக் கருத்தை ஆதரிப்பவர்களின் வாதங்களில் மிகத் திறமையானது இதுதான். ஆனால் வடக்குப் பெரும்பள்ளத்தின் அடியில் ஆட்டம் காட்டுவது தலையை அல்ல. படிகத்துக்குள் உறைந்து கிடக்கும் செஃபிரோத்தின் உடலை. அதற்குச் சற்று முன் சூறாவளிப் பாதையில் ஜெனோவாவின் ஒரு பகுதியைத் தோற்கடித்த கிளவுட், இதுவரை துரத்தியது செஃபிரோத் இல்லையா என்று தோழி டிஃபா குழம்பும்போது, உண்மையான செஃபிரோத் உள்ளே இருக்கிறான், கோளத்தின் காயத்துக்குள்ளிருந்து வலிமையான சித்தத்தை வெளியிடுகிறான் என்கிறான். சூதுகள் ஒவ்வொன்றாக அவிழும் காட்சி அது. ஜெனோவாதான் மூலம் என்று சொல்ல வேண்டியிருந்தால் கதாசிரியர்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது.

டெட்சுயா நோமுரா இயக்கி 2005இல் வந்த 'அட்வென்ட் சில்ட்ரன்' திரைப்படம் இந்தத் தலை விவகாரத்தை நேரடியாகவே தீர்க்கிறது. கடாஜ் என்ற இளைஞன் 'தாயைத்' தேடி அலைகிறான். முடிவில் ஜெனோவாவின் எஞ்சிய பகுதி அவன் கைக்குக் கிடைக்கிறது. அதை அவன் தன் உடலோடு சேர்த்துக்கொண்டதும் அங்கே எழுந்து நிற்பது ஜெனோவா அல்ல, செஃபிரோத்.

இரண்டாவது ஆதாரம் நிபெல்ஹெய்ம். ஷின்ராவின் மாவீரனாகக் கொண்டாடப்பட்டவன் சில நாளில் ஊரையே கொளுத்துகிறான் என்றால் உடலுக்குள்ளிருந்த ஜெனோவா செல்கள்தான் அவன் புத்தியைக் கெடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அந்தச் செல்களுக்கு ஒரு பங்கும் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் அவனை உடைத்தவற்றை ஆட்டம் ஒவ்வொன்றாகவே காட்டுகிறது. உலைக்குள் தொட்டிகளில் அடைபட்ட, மனித நிலையிலிருந்து திரிந்த உயிர்களைப் பார்க்கிறான். தானும் இப்படி உருவாக்கப்பட்டவனோ என்ற ஐயம் எழுகிறது. பிறகு ஷின்ரா மாளிகையின் நிலவறை நூலகத்தில் இரவு பகலாகக் காஸ்டின் ஆய்வுக் குறிப்புகளைப் படிக்கிறான். 2007இல் வெளிவந்த 'கிரைசிஸ் கோர்' என்ற முன்கதை ஆட்டம் இதில் இன்னொரு அடியையும் சேர்க்கிறது: பழைய நண்பன் ஜெனெசிஸ், செஃபிரோத்தின் பிறப்பே ஒரு சோதனை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறான்.

நூலகத்தில் அவன் வந்தடையும் முடிவில்தான் இந்த ஆதாரம் தானாகவே உதிர்கிறது. ஜெனோவா செட்ரா இனத்தவள், தான் அந்த இனத்தின் கடைசி வாரிசு, தன் முன்னோரைக் கைவிட்டு உயிர்பிழைத்த மனிதர்கள் துரோகிகள் என்று நம்புகிறான். காகிதத்தில் இருந்த காஸ்டின் பிழை அப்படியே இது. ஜெனோவாவே அவனுக்குள் பேசி வழிநடத்தியிருந்தால், அவன் சொல்லும் கதை ஓர் ஆய்வாளரின் தவறோடு வரிக்கு வரி பொருந்தவேண்டிய அவசியம் இல்லை. ஏமாற்றுவது ஜெனோவாவின் வழக்கம்தானே என்று கேட்கலாம். ஆனால் இந்தப் பொய் செஃபிரோத் பிறப்பதற்கு முன்பே ஷின்ராவின் கோப்புகளில் இருந்தது. அதை எழுதிய காஸ்டே பின்னாளில் செட்ரா பெண்ணான இஃபால்னாவிடமிருந்து உண்மையைத் தெரிந்துகொண்டார். அதற்குள் அவர் ஷின்ராவை விட்டு விலகியிருந்தார். திருத்தம் நூலகத்துக்கு வந்து சேரவில்லை.

'தாய்' என்ற சொல்லை அவன் ஓயாமல் சொல்வது மூன்றாவது ஆதாரம். இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. தாயின் பெயர் ஜெனோவா, பிரசவித்ததும் இறந்துவிட்டாள் என்று சிறுவயதிலிருந்தே அவனுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். பெற்ற தாய் லுக்ரேஷியா. அவனைக் கையில் எடுக்கவும் அவளுக்கு வாய்க்கவில்லை. ஹோஜோதான் தந்தை என்பதை அவன் அறிந்துகொள்ளும் காட்சியே ஆட்டத்தில் கிடையாது. தாயில்லாமல் வளர்ந்தவனின் ஏக்கம் அந்தச் சொல். கட்டளைக்குப் பணிவதற்கும் அதற்கும் வெகுதூரம்.

நான்காவது ஆதாரம் நோக்கங்களின் ஒற்றுமை: ஜெனோவா கோளங்களை அழிப்பது, செஃபிரோத்தும் கோளத்தை அழிக்க வருகிறான், ஆகவே திட்டம் ஜெனோவாவுடையது. இங்கே ஒற்றுமை மேலோட்டமானது. ஜெனோவாவின் ஆயுதங்கள் நோயும் உருமாற்றமும். செஃபிரோத்தின் ஆயுதம் மீட்டியர் என்ற விண்கல். பிளாக் மெட்டீரியா என்ற மந்திரக்கல்லைக் கொண்டு அதை வரவழைக்கும் மந்திரம் செட்ராக்களின் அறிவுச் செல்வம். லைஃப்ஸ்ட்ரீமில் மிதந்துகொண்டிருந்தபோது அவன் கற்றது. மீட்டியர் மோதிக் கோளம் படுகாயமடையும்; அந்தக் காயத்தை ஆற்ற உயிராற்றல் முழுவதும் ஒரே இடத்தில் திரளும்; அதன் நடுவில் நின்று அத்தனையையும் உறிஞ்சித் தான் கடவுளாக வேண்டும். தொன்மையோர் கோயிலில் அவன் விளக்கும் திட்டம் இதுதான், அதுவும் ஜெனோவாவின் சதையாலான வாயால், 'நான்' என்றே. உச்சியில் அமரப்போவது அவன். ஜெனோவாவுக்கு அங்கே ஓர் ஆசனமும் ஒதுக்கப்படவில்லை. நிபெல்ஹெய்மில் தாயோடு சேர்ந்து கோளத்தை மீட்கத் துடித்தவன், ஐந்தாண்டுகளுக்குப் பிறகு தாயைக் கருவியாக்கிக்கொள்கிறான். 'அட்வென்ட் சில்ட்ரன்' படத்தில், முன்பு தாய் செய்ததுபோலத் தானும் இந்தக் கோளத்தைக் கலமாக்கி விண்வெளியில் செல்லப்போவதாக அவன் சொல்வதை ரசிகர்கள் விடாமல் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த வசனத்திலும் பயணம் போகிறவன் அவன்தான்.

ஜெனோவா செல் இருந்தாலே அடிமைத்தனம் என்ற ஐந்தாவது எண்ணத்தை வேகமாகவே கடந்துவிடலாம். ஷின்ராவின் சோல்ஜர் படைவீரர் அனைவர் உடலிலும் அந்தச் செல்கள் உண்டு. ஹோஜோ மேலும் சோதனை செய்தபோதும் அந்தப் படையின் ஸாக் ஃபேர் நடைபிணமாகவில்லை. மனம் சிதைந்திருந்தபோது பிளாக் மெட்டீரியாவைச் செஃபிரோத்துக்குத் தன் கையாலேயே கொடுத்த கிளவுட், டிஃபாவின் துணையோடு லைஃப்ஸ்ட்ரீமில் தன் நினைவுகளைச் சரிசெய்துகொண்ட பிறகு அழைப்புக்கு அசையவே இல்லை. செல்கள் அப்படியேதான் இருந்தன, அவன் மனம்தான் மாறியிருந்தது. வலிமையான சித்தத்தைச் செல்கள் வெல்வதில்லை என்றால், ஆட்டத்திலேயே மிக வலிமையான சித்தம் உடையவன் மட்டும் அவற்றுக்கு அடிமையானான் என்பது விசித்திரமான விதிவிலக்கு.

கடைசிப் போர்களின் வரிசையையும் சிலர் ரசிகர்களின் கருத்துக்கு எதிர்ச்சான்றாகக் காட்டுவதுண்டு: முதலில் ஜெனோவா, அதை வீழ்த்திய பிறகே செஃபிரோத், அதுவும் இசையமைப்பாளர் நோபுவோ உவேமட்சுவின் லத்தீன் கோரஸ் முழங்க. எஜமான் காவலாளாக முன்னால் நிற்பதில்லை என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பலவீனமானது. கடைசிச் சண்டை யாரோடு என்பதை விற்பனையும் நாடகத்தன்மையும்கூடத் தீர்மானிக்கும்; மேலே சொன்னவற்றோடு இதைச் சமமாக வைக்கத் தேவையில்லை.

2020இல் வந்த 'ரீமேக்', 2024இல் வந்த 'ரீபர்த்' ஆகிய மறுஆக்கங்கள் கதையின் பல முடிச்சுகளை மாற்றிக் கட்டியிருக்கின்றன. செஃபிரோத் விதியோடு மோதுகிறான், பல உலகங்களைப் பற்றிப் பேசுகிறான், கிளவுடைத் தன் பக்கம் இழுக்கிறான். ஜெனோவா இவற்றிலும் அவ்வப்போது வந்து போரிட்டுத் தோற்கிறது. தனக்கென்று ஒரு திட்டத்தை அது அறிவிக்கும் காட்சி இரண்டிலும் இல்லை.