கண்ணீரும் நன்றியும்



நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்கள் விழித்துக்கொள்கின்றன. ஆண்டு முழுவதும் முள்ளும் புதரும் மண்டிக் கிடந்த இடத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்கிறது. சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு பூசப்படுகிறது. இரண்டாம் நாள் மாலையில் பூவும் மெழுகுதிரியும் ஏந்தி ஊரே அங்கே கூடுகிறது. தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு குருவானவர் வரிசை வரிசையாக நடந்துவரும்போது, ஒவ்வொரு கல்லறையின் அருகிலும் ஒரு குடும்பம் நிற்பதைக் காண்கிறார். சிலருடைய துக்கம் பழையது. அது ஆறி நெடுங்காலமாயிற்று. வேறு சிலருடைய துக்கமோ இவ்வாண்டில் வந்தது. இன்னும் புல் முளைக்காத மண்மேட்டின் அருகே நிற்கும் அவர்களை நினைந்தே இம்மாதம் எழுதுகிறோம்.

இவர்களுக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் பலர். எல்லாரும் நல்ல மனத்தோடுதான் போகிறார்கள். ஆயினும் அவர்கள் சொல்லும் வார்த்தைகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். "அழாதீர்கள், அழுதால் ஆன்மா இளைப்பாறாது" என்கிறார் ஒருவர். "கொடுத்துவைத்தது அவ்வளவுதான்" என்கிறார் மற்றொருவர். "எல்லாம் நன்மைக்கே, கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள்" என்று உபதேசிக்கிறார் மூன்றாமவர். இவற்றைக் கேட்கும் உள்ளம், தனக்கு வந்த துன்பத்தோடு, தான் விசுவாசத்தில் குறைந்துபோனோமோ என்ற அச்சத்தையும் சேர்த்துச் சுமக்கிறது.

நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், பத்தொன்பது வயது மகனை விபத்தில் இழந்த ஒரு தாய், முப்பதாம் நாள் திருப்பலி முடிந்தபின் நம்மிடம் வந்தார். "சாமி, எல்லாவற்றிற்கும் நன்றி சொல்ல வேண்டும் என்கிறார்கள். என் பிள்ளையை எடுத்துக்கொண்டதற்கும் நன்றி சொல்ல வேண்டுமா? அப்படிச் சொன்னால் நான் ஒரு தாயா?" என்று கேட்டார். "வேண்டாம், அம்மா. அவன் இறந்ததற்காக நன்றி சொல்ல வேண்டாம். பத்தொன்பது ஆண்டுகள் அவன் உங்கள் வீட்டில் இருந்தானே, அதற்கு எப்போது சொல்ல முடிகிறதோ அப்போது சொல்லுங்கள்" என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அதுவரையில்?" என்றார். "அதுவரையில் அழுங்கள். ஆனால் பீடத்தின் முன் வந்து அழுங்கள்" என்றோம்.

அந்தத் தாயின் கேள்வி உங்களுள் பலருடைய உள்ளத்திலும் இருக்கக்கூடும். அதற்கு விடை தேட நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. பெத்தானியாவில் லாசரின் கல்லறைக்கு முன் நம் ஆண்டவர் நின்ற காட்சியை நினைவுகூருங்கள். சற்று நேரத்தில் லாசரை உயிரோடு எழுப்பப்போகிறவர் அவர். எனினும் மரியாளும் உடன் வந்தோரும் அழுவதைக் கண்டு, அவரும் கண்ணீர் விட்டார். பின்பு கல் புரட்டப்பட்டதும், கண்களை உயர்த்தித் தம் தந்தைக்கு நன்றி செலுத்தினார். ஒரே கல்லறையின் முன் கண்ணீரும் நன்றியும் சேர்ந்து நின்றன. முதலில் வந்தது கண்ணீர். அதை நன்றி விரட்டவில்லை. அதன் பின்னே வந்தது.

தெசலோனிக்க நகரத்துக் கிறிஸ்தவர்களுக்குப் புனித சின்னப்பர் எழுதிய முதல் நிருபத்திலும் இதே உண்மை உண்டு. நம்பிக்கையற்றவர்கள் துக்கிப்பதுபோல் நீங்கள் துக்கிக்க வேண்டாம் என்று நான்காம் அதிகாரத்தில் எழுதுகிறார். துக்கிக்கவே கூடாது என்று அவர் எழுதவில்லை. அடுத்த அதிகாரத்தில், எந்நிலையிலும் நன்றி கூறுங்கள் என்கிறார். துன்ப நிலையின் நடுவிலும் நன்றி கூறுவது வேறு. துன்பத்தையே நன்மை என்று சாதிப்பது வேறு. மரணத்தை நம் திருச்சபை ஒருபோதும் நண்பன் என்று அழைத்ததில்லை. கிறிஸ்து வென்றடக்கிய பகைவன் என்றே அதைச் சொல்கிறது.

இவ்விரண்டு நிலைகளையும் தம் வாழ்விலேயே கண்டவர் புனித அகுஸ்தினார். அவர் தம் வாழ்க்கையை இறைவனிடம் எடுத்துரைக்கும் நெடிய செபமாக ஒரு நூல் எழுதியிருப்பதை அறிவீர்கள். 'அறிக்கை' என்று பொருள்படும் அதன் இலத்தீன் தலைப்புக்குப் பாவத்தை அறிக்கையிடுதல், இறைவனைப் புகழ்தல் என்னும் இரு பொருள்களும் உண்டு. அந்நூலில் இரு சாவுகளை அவர் விரிவாக எழுதுகிறார்.

முதலாவது, ஒரு நண்பனின் சாவு. அகுஸ்தினார் இருபது வயதைச் சற்றே கடந்து, தம் சொந்த ஊராகிய தகஸ்தேயில் ஆசிரியராக இருந்த காலம். இளமை முதல் உடன் வளர்ந்த நண்பன் காய்ச்சலில் விழுந்து இறந்துபோனான். அதன்பின் சொந்த ஊரே அவருக்கு வேதனையாயிற்று. இருவரும் சேர்ந்து நடந்த தெருக்களைக் காணவும் அவருக்குப் பொறுக்கவில்லை. சாகவேண்டிய ஒருவனை, சாகவே மாட்டான் என்பதுபோல் நேசித்துவிட்டோமே என்று பின்னர் எழுதினார். அழுகை ஒன்றே அப்போது அவருக்கு இனித்தது. முடிவில் ஊரை விட்டே கார்த்தேஜ் நகருக்குச் சென்றுவிட்டார். அந்த நாளில் அவர் கடவுள் என்று எண்ணியிருந்தது வெறும் கற்பனைத் தோற்றமே. ஆகையால் அவர் அழுத அழுகையைக் கொண்டுபோய் இறக்கிவைக்க இடம் இருக்கவில்லை.

இரண்டாவது, தாயின் சாவு. 387-ஆம் ஆண்டு, மிலான் நகரில் புனித அம்புரோசியார் கையால் ஞானஸ்நானம் பெற்றபின், அகுஸ்தினார் தம் அன்னை மோனிக்கம்மாளோடு ஆப்பிரிக்காவுக்குத் திரும்பக் கப்பலை எதிர்நோக்கி ரோமைக்கு அருகிலுள்ள ஒஸ்தியா துறைமுகத்தில் தங்கியிருந்தார். அங்கே அன்னை நோயுற்று, ஒன்பதாம் நாள் உயிர்நீத்தார். அப்போது அவர் தம் வாழ்வின் 56-ஆம் ஆண்டிலும், அகுஸ்தினார் 33-ஆம் ஆண்டிலும் இருந்தனர்.

அகுஸ்தினாரே தம் தாயின் கண்களை மூடினார். அவருடைய மகன் அதெயோதாத்துஸ் வாய்விட்டுக் கதறியபோது, எல்லாரும் அவனை அடக்கினார்கள். விசுவாசமுள்ள ஒருவரின் சாவில் ஒப்பாரி தகாது என்று அவர்கள் எண்ணினர். அகுஸ்தினாரும் தம்மை அடக்கிக்கொண்டார். அந்நாட்டு வழக்கப்படி, அடக்கம் செய்யுமுன் கல்லறையின் அருகே திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டபோதும் அவர் அழவில்லை. துயரம் நீங்கும் என்று குளித்துப் பார்த்தார், நீங்கவில்லை. பின்பு உறங்கி எழுந்தார். தனியே படுத்திருந்தபோது, புனித அம்புரோசியார் இயற்றிய இரவுப் பாடல் ஒன்று நினைவுக்கு வந்தது. அதன்பின், இத்தனை நாள் தமக்காக அழுத தாய்க்காக, இறைவன் திருமுன் சிறிது நேரம் மனம்விட்டு அழுதார். இதைக் குற்றமாகக் காண்பவர் தம்மை நகைக்க வேண்டாம்; அன்பிருந்தால் தமக்காக அழட்டும் என்றும் எழுதிவைத்தார்.

இதை நம் வீட்டு ஆண்மக்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். ஆண்பிள்ளை அழலாமா என்று சொல்லிச் சொல்லியே, பல தந்தையரின் துக்கத்தை நாம் மதுக்கடைக்கு அனுப்பியிருக்கிறோம். திருச்சபையின் மாபெரும் மறைவல்லுநர் தம் தாய்க்காக அழுதார்; அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். நாம் அழுவதில் என்ன குறை?

அந்த அழுகைக்குப்பின் அகுஸ்தினார் செய்தது என்ன? தாயின் வாழ்வை ஒவ்வொன்றாக நினைத்து எழுதினார். சிறுமியாயிருந்தபோது வீட்டுத் திராட்சரசத்தை இரகசியமாகச் சுவைக்கப் பழகியதையும், வேலைக்காரச் சிறுமி சண்டையில் குடிகாரி என்று ஏசியதும் அப்பழக்கத்தை விட்டதையும் எழுதினார். கோபக்காரராகவும் ஒழுக்கம் தவறியவராகவும் இருந்த கணவர் பத்ரீசியுசைப் பொறுமையாலே கிறிஸ்துவிடம் கொண்டுவந்ததை எழுதினார். வேலைக்காரிகளின் கோள் சொல்லைக் கேட்டுச் சினந்த மாமியாரைப் பணிவால் வென்றதை எழுதினார். சண்டையிட்ட இருவரிடையே ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகாமல், சமாதானத்துக்கு உதவுவதை மட்டும் சொன்னார் என்பதையும் எழுதினார். குறையும் நிறையுமாக அவர் உள்ளபடியே அன்னையை இறைவன் முன் வைத்தார். மனத்துக்குள் பொதுப்பட இருக்கும் நன்றி விரைவில் மங்கிவிடும். இன்ன நாள், இன்ன செயல் என்று பெயர் சொல்லி எண்ணும் நன்றியோ நிலைத்து நிற்கும்.

இன்னொரு துன்பமும் சாவு வீடுகளில் உண்டு. அதைப் பலர் ஒப்புரவு அருட்சாதனத்தில்தான் வெளியிடுகிறார்கள். "கடைசி நாட்களில் நான் கடிந்து பேசிவிட்டேன், மன்னிப்புக் கேட்பதற்குள் போய்விட்டார்" என்னும் துன்பம் அது. அகுஸ்தினாருக்கும் அதற்குக் காரணம் இருந்தது. 383-ஆம் ஆண்டில் ரோமைக்குப் புறப்பட்டபோது, தாயிடம் பொய் சொல்லி, கார்த்தேஜ் கரையில் அவரைச் செபத்தில் விட்டுவிட்டு இரவோடு இரவாகக் கப்பல் ஏறியவர் அவர். காலையில் மகனைக் காணாமல் அன்னை கரையில் நின்று புலம்பினார். ஆயினும் அதே அன்னை இறக்கும் தறுவாயில், தமக்குப் பணிவிடை செய்த மகனைப் பாசமுள்ள பிள்ளை என்று அழைத்து, உன் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல்லும் கேட்டதில்லை என்றார். தாயன்பு எதையெல்லாம் மறந்துவிடுகிறது, பாருங்கள்! நமக்குமுன் இறைவனிடம் சென்றவர்கள், இங்கே இருந்தபோது மன்னித்ததைவிட அங்கே குறைவாக மன்னிப்பார்களா? கேட்காமல் போன மன்னிப்பை இன்று செபத்தில் கேளுங்கள். அவர்களுக்காக ஒரு திருப்பலி ஒப்புக்கொடுங்கள். அவர்களிடம் காட்டத் தவறிய பொறுமையை வீட்டில் இருப்பவர்களிடம் காட்டுங்கள்.

மோனிக்கம்மாள் தம் ஊரில் கணவரின் பக்கத்திலேயே தமக்கும் கல்லறை அமைத்து வைத்திருந்தவர். சாகும்போதோ, இவ்வுடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள். நீங்கள் எங்கே இருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைவுகூருங்கள், இதுவே என் வேண்டுகோள் என்னும் கருத்தைப் பிள்ளைகளிடம் சொன்னார். ஒஸ்தியாவில் அவரை அடக்கம் செய்தார்கள். அவருடைய புனிதப் பண்டங்கள் 1430-ஆம் ஆண்டில் ரோமைக்குக் கொண்டுவரப்பட்டன. அவர் கல்லறைக்காகப் பொறித்த பழங்காலக் கல்வெட்டின் துண்டொன்று 1945-இல், ஒஸ்தியாவில் ஓர் ஆலயத்தின் அருகே விளையாட்டுக்கம்பம் நடக் குழி தோண்டிய சிறுவர் கையில் அகப்பட்டது. கல் மண்ணுள் மறைந்தது. பீடத்தின் நினைவு மறையவில்லை. இன்றும் ஆகஸ்டு 27-இல் அன்னையையும், மறுநாள் மகனையும் உலகெங்கும் திருப்பலியில் நினைவுகூருகிறோம்.

ஏன் பீடத்தில்? நாம் நற்கருணை என்று அழைக்கும் அருட்சாதனத்திற்குக் கிரேக்க மொழியில் வழங்கிய பெயரின் பொருளே 'நன்றி செலுத்துதல்' என்பதாகும். அடக்கத் திருப்பலியின்போது நன்றி சொல்ல நம் நாவெழாது, தொண்டை அடைத்துக்கொள்ளும். பரவாயில்லை. நம்மால் சொல்ல இயலாத நன்றியைக் கிறிஸ்து நம் பெயரால் தந்தைக்குச் சொல்கிறார். நாம் அழுதுகொண்டு அருகில் நின்றால் போதும். அன்று அந்தத் தாயைப் பீடத்தின் முன் வந்து அழச் சொன்னதன் காரணமும் இதுவே.

ஆகையால் இம்மாதத்தில் நம் குடும்பங்களுக்குச் சில யோசனைகள் சொல்ல விரும்புகிறோம்.

மாலைச் செபமாலை முடிந்ததும், இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். பிள்ளைகள் அழுவார்கள் என்று அஞ்சிப் பெயரையே மறைக்கும் வீடுகள் உண்டு. மறைப்பதால் பிள்ளைகளின் ஏக்கம் குறையாது. அதைப் பேசுவதற்கு ஆள் இல்லாமல் போகும், அவ்வளவே. வாரத்தில் ஒருநாள், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் இறந்தவரிடம் தாம் பெற்ற ஒரு நன்மையைச் சொல்லட்டும். தாத்தா சைக்கிள் ஓட்டப் பழக்கியது போதும். அம்மா தன் பங்குச் சோற்றை நமக்கு வைத்தது போதும். பெரிய காரியம் தேட வேண்டியதில்லை.

ஆண்டு நினைவு நாளில் விருந்துக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை, அவர் பெயரால் ஓர் ஏழைப் பிள்ளையின் படிப்புக்கோ, ஒரு நோயாளியின் மருந்துக்கோ கொடுங்கள். இறந்தவரிடம் பெற்ற அன்பை அவருக்கே திருப்பிக் கொடுக்க முடியாதபோது, அதைப் பெறத்தக்கவர்கள் ஏழைகளே.

துக்கம் விசாரிக்கச் செல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் மூன்று நாள் வீடு நிரம்பியிருக்கும். முப்பதாம் நாளுக்குப்பின் யாரும் வரமாட்டார்கள். உண்மையான தனிமை அப்போதுதான் தொடங்குகிறது. அன்று போங்கள். உபதேசம் வேண்டாம். உணவு கொண்டுபோங்கள், ரேஷன் கடைக்கும் அலுவலகங்களுக்கும் அவர்களோடு நடந்துபோங்கள். இறந்தவரைப்பற்றி நீங்கள் அறிந்த ஒரு நற்செயலைச் சொல்லுங்கள். விதவைக்கு அதைவிட விலையுயர்ந்த ஆறுதல் இல்லை.

கடைசியாக, இன்னும் நன்றி சொல்ல இயலாதவர்களுக்கு. உங்களை நீங்களே குற்றப்படுத்திக்கொள்ள வேண்டாம். அகுஸ்தினார் தம் தாயைப்பற்றி எழுதத் தொடங்கியது, அவர் இறந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழிந்தபின்னரே. இறைவன் அவசரப்படுத்துகிறவர் அல்லர். நீங்கள் அழும் அழுகையே, உங்களுக்குக் கிடைத்த கொடை எவ்வளவு பெரியது என்பதற்குச் சாட்சி. இந்த நவம்பர் மாலையில் அம்மண்மேட்டின்மேல் ஒரு மெழுகுதிரியை ஏற்றிவையுங்கள். வார்த்தை வந்தால் செபியுங்கள், வராவிட்டால் நின்றிருங்கள். உங்கள் பக்கத்தில், லாசரின் கல்லறையருகே கண்ணீர் விட்டவர் நிற்கிறார்.

மரித்த விசுவாசிகள் யாவரும் இறைவனின் இரக்கத்தால் சமாதானத்தில் இளைப்பாறுவார்களாக. துக்கத்திலிருக்கும் உங்கள் இல்லங்களை அவர் தம் ஆறுதலால் நிரப்புவாராக.